விதி முதலில், விசில் பிறகு



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் பந்தை விடக் கணக்குதான் அதிகம்.

பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், 2017-18 ஐ.எஸ்.எல். சீசன்ல பெங்களூரு 40 புள்ளி எடுத்து முதலிடம். நம்ம சென்னையின் 32 புள்ளிதான். எட்டுப் புள்ளி பின்னாடி இருந்த அணி சாம்பியன் ஆயிருச்சு. கணக்கு வாத்தியார் நீங்க, இதை எப்படி ஒத்துக்குறீங்க?"

இதைக் குடும்ப குரூப்பில் போட்டேன். தங்கை மகன் உடனே, "மாமா, ஃபைனல்ல ஜெயிச்சவன்தான் சாம்பியன், அவ்வளவுதான்" என்றான். அவனுடைய சித்தப்பா, "அப்படின்னா நாலு மாசம் ஆடினது எதுக்கு?" என்று கேட்டார். அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் சண்டை ஓயவில்லை. எல்லோரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். "உண்மையான சாம்பியன்" என்கிற வார்த்தை அது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையின் சாம்பியன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களைச் சாம்பியன் ஆக்கிய விதி நல்ல விதி இல்லை. இவை இரண்டும் தனித்தனி வழக்கு. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

முதலில் அடிப்படை. கால்பந்தில் வெற்றியாளரைக் கண்டுபிடிக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று கோப்பை. தோற்றால் வெளியே, கடைசியில் நிற்பவருக்குக் கோப்பை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871-72-ல் இப்படித்தான் தொடங்கியது. இன்னொன்று லீக். எல்லோரும் எல்லோருடனும், சொந்த ஊரில் ஒருமுறை, எதிராளி ஊரில் ஒருமுறை ஆட வேண்டும். கடைசியில் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். இது 1888-ல் வந்தது. ஆஸ்டன் வில்லா அணியின் வில்லியம் மெக்ரெகர் என்பவர் முன்கை எடுக்க, 12 அணிகள் சேர்ந்து தொடங்கின. கோப்பையில் சீக்கிரம் தோற்றுவிட்டால் அந்த வருஷத்துக்கு உருப்படியான ஆட்டமே இல்லை. நட்புக்கு ஆடும் ஆட்டங்களைச் சொன்ன தேதியில் நடத்துவதும் நிச்சயமில்லை. நிச்சயமான அட்டவணை வேண்டும் என்பதற்காக வந்ததுதான் லீக்.

இரண்டும் அளப்பது வேறு வேறு. லீக் வருஷம் முழுக்க வந்த வருகைப் பதிவேடு மாதிரி. மழையில் ஆடினாயா, காயம்பட்ட ஆள் இல்லாமல் சமாளித்தாயா, கடைசி இடத்து அணியிடம் அசட்டையாக இருந்து புள்ளியை விட்டாயா, எல்லாம் அதில் ஏறும். கோப்பை அந்த ஒரு நாளை மட்டும் கேட்கும். 2013-ல் விகன் அத்லெடிக் என்ற சின்ன அணி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்தது. கடைசி நிமிடத்து கோல். கோப்பையைத் தூக்கிய மூன்றாம் நாள், லீக்கில் ஆர்சனலிடம் தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் கோப்பை வென்ற அணியும் அவர்கள்தான், தரம் இறங்கிய அணியும் அவர்கள்தான். இதில் எது பொய்? இரண்டும் நிஜம்தான். தராசு வேறு, அதனால் எடை வேறு.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இரண்டு தராசையும் ஒன்றாகக் கட்டும்போது. ஐ.எஸ்.எல். அதைத்தான் செய்தது. முதலில் லீக் ஆடு, முதல் நாலு இடம் பிடி, பிறகு அரையிறுதி, இறுதி. 2015-ல் லீக் சுற்றில் முதலிடம் எஃப்.சி. கோவா. சென்னையின் மூன்றாமிடம். இறுதி ஆட்டம் கோவா மண்ணிலேயே நடந்தது. 90 நிமிடம் நெருங்கும்போது கோவா 2-1 என்று முன்னிலை. அதற்குப் பிறகு கோவா கோல்கீப்பரின் கையில் பட்டு ஒரு சுய கோல், அடுத்து மெண்டோசா ஒரு கோல். 3-2, கோப்பை சென்னைக்கு. 2018-லும் அதே கதை. பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானத்தில், சுனில் சேத்ரி முதல் கோல் போட்ட பிறகும், சென்னையின் 3-2 என்று ஜெயித்தது.

அன்று நம் ஊர்க்காரர்கள் துள்ளிக் குதித்தது சரி. சென்னையின் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்பே பத்து அணிகளுக்கும் தெரியும், கடைசி ஆட்டம்தான் பட்டத்தை முடிவு செய்யும் என்று. தெரிந்தேதான் எல்லோரும் களம் இறங்கினார்கள். அதனால் அவர்களை "உண்மையான சாம்பியன் இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் விதியைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. 18 ஆட்டம் ஆடி எட்டுப் புள்ளி முன்னால் நின்ற பெங்களூருக்கு அதற்காக ஒரு பட்டமும் கிடையாது. நாலாவதாக வந்தவனும் முதலாவதாக வந்தவனும் அரையிறுதி வாசலில் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அப்படியானால் முதலிடத்துக்காக எதற்கு உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? 2019-20-ல்தான் லீக் முதலிடத்துக்கென்று தனியாக ஷீல்டு கொண்டுவந்தார்கள். முதல் ஷீல்டு கோவாவுக்குப் போனது. அதன் மூலம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றில் ஆடும் வாய்ப்பும் கிடைத்தது. நல்ல திருத்தம். அதன் பிறகு 2021-22, 2022-23, 2023-24 என மூன்று சீசன் தொடர்ச்சியாக ஷீல்டு ஒருவருக்கு, கோப்பை வேறொருவருக்கு என்று போனது. மூன்று வருஷமும் இரண்டு தராசு இரண்டு பதில் சொல்லியிருக்கிறது.

என் கட்சி இதுதான்: ஷீல்டு வாங்கியவரை லீக் சாம்பியன் என்று கூப்பிடுங்கள், இறுதி ஆட்டத்தில் ஜெயித்தவரைக் கோப்பை வென்றவர் என்று கூப்பிடுங்கள். இரண்டு சாதனைக்கு இரண்டு பெயர். இறுதி ஆட்டம் இல்லாவிட்டால் கூட்டம் வராது, டிவியில் பார்க்க ஆள் இருக்காது என்பார்கள். அதற்கு நம்ம கோயம்புத்தூரே சாட்சி. 2018-19 ஐ-லீக்கில் பிளே-ஆஃப் எதுவும் இல்லை, வெறும் புள்ளிப் பட்டியல்தான். கடைசி நாளில் சென்னை சிட்டி அணி ஒரு புள்ளி முன்னால். அங்கே கேரளத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது, இங்கே நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி. நம் அணி ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியது. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது. சென்னை சிட்டி திரும்பி வந்து மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, 43-க்கு 42 என்று ஒரே புள்ளியில் பட்டம் வாங்கியது. இதைவிட விறுவிறுப்பான இறுதி ஆட்டம் வேண்டுமா? லீக் நன்றாக நடந்தால் கிளைமாக்ஸ் தானாக வரும், தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை.

சரி, லீக்கில் இரண்டு பேர் சமமாக வந்தால் என்ன செய்வது? இங்கேதான் கணக்கு வாத்தியாருக்குக் கொண்டாட்டம். எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து அணி, ஹார்ட்ஸ்.

1964-65 சீசன். கடைசி நாள் ஹார்ட்ஸ் முதலிடம், இரண்டு புள்ளி பின்னால் கில்மார்னாக். அந்த இரண்டு அணிக்கும்தான் கடைசி ஆட்டம், அதுவும் ஹார்ட்ஸ் சொந்த மைதானத்தில். அந்தக் காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி. ஹார்ட்ஸ் ஜெயித்தாலும் டிரா செய்தாலும் பட்டம். 0-1 என்று தோற்றால்கூடப் பட்டம். அவர்கள் 0-2 என்று தோற்றார்கள். இருவருக்கும் 50 புள்ளி. வெற்றி 22, டிரா 6, தோல்வி 6, அதுகூட இருவருக்கும் ஒன்றே.

அப்போது சமன் உடைக்கும் விதி "கோல் சராசரி". போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். நோட்டை எடுங்கள். ஹார்ட்ஸ் போட்டது 90, வாங்கியது 49. வகுத்தால் 1.837. கில்மார்னாக் போட்டது 62, வாங்கியது 33. வகுத்தால் 1.879. பட்டம் கில்மார்னாக்குக்கு. இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த "கோல் வித்தியாசம்", அதாவது கழித்தல் கணக்கு அப்போது இருந்திருந்தால்? ஹார்ட்ஸ் 41, கில்மார்னாக் 29. ஹார்ட்ஸ்தான் சாம்பியன். வகுத்ததால் போனது, கழித்திருந்தால் வந்திருக்கும்.

பிறகு விதி மாறியது. வகுத்தல் போய்க் கழித்தல் வந்தது. 1985-86-ல் மறுபடியும் ஹார்ட்ஸ் முதலிடத்தில் நின்று கடைசி ஆட்டத்துக்குப் போகிறது. அதற்கு முன் 27 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே இல்லை. ஒரு டிரா போதும். 80 நிமிடம் தாண்டியும் 0-0. அப்போது டண்டி அணியின் மாற்று ஆட்டக்காரர் ஆல்பர்ட் கிட் அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார். அங்கே செல்டிக் 5-0 என்று ஜெயித்திருந்தது. இருவருக்கும் மறுபடி 50 புள்ளி. வெற்றி, டிரா, தோல்வி எண்ணிக்கையும் மறுபடி சமம். செல்டிக் 67 போட்டு 38 வாங்கியது, வித்தியாசம் 29. ஹார்ட்ஸ் 59 போட்டு 33 வாங்கியது, வித்தியாசம் 26. பட்டம் செல்டிக்குக்கு. இப்போது பழைய முறைப்படி வகுத்துப் பாருங்கள். செல்டிக் 1.763, ஹார்ட்ஸ் 1.788.

புரிகிறதா கண்ணுகளா? வகுத்தல் இருந்தபோது கழித்தல் காப்பாற்றியிருக்கும். கழித்தல் வந்தபோது வகுத்தல் காப்பாற்றியிருக்கும். இருபத்தொரு வருஷ இடைவெளியில், இரண்டு முறையும் ஹார்ட்ஸ் தப்பான பக்கம் நின்றது.

எது நியாயமான கணக்கு என்று கேட்பீர்கள். வகுத்தல், குறைவாகக் கோல் வாங்குகிறவனுக்குச் சாதகம். இரண்டு போட்டு ஒன்று வாங்கியவனும், இருபது போட்டுப் பத்து வாங்கியவனும் அதில் சமம். ஒரு கோலும் வாங்காதவனுக்கு என்ன மதிப்பெண் என்று கேட்டால் பதிலே இல்லை, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே! கழித்தல், தாக்கி ஆடுகிறவனைத் தூக்கிவிடும். இங்கிலாந்து 1976-77-லிருந்து கழித்தலுக்கு மாறியது அதனால்தான். ஸ்பெயினில் இரண்டுமே இல்லை. சமமான இருவரும் தமக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். 2006-07-ல் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் 76 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா எங்கேயோ மேலே. ஆனால் நேருக்கு நேர் மாட்ரிட் ஒன்றில் 2-0 வெற்றி, இன்னொன்றில் 3-3 டிரா. பட்டம் மாட்ரிட்டுக்கு. நான் ஒரு முறைக்கு ஓட்டுப் போடச் சொன்னால் கழித்தலுக்குப் போடுவேன், அது சீசன் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மற்ற இரண்டும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

"இன்றைய விதிப்படி பார்த்தால் அன்று இவன்தான் சாம்பியன்" என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். 1923-24 இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு, கார்டிஃப் இரண்டும் 57 புள்ளி. ஹட்டர்ஸ்ஃபீல்டு 60 போட்டு 33 வாங்கியது. கார்டிஃப் 61 போட்டு 34 வாங்கியது. வகுத்தலில் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு மயிரிழை முன்னிலை, பட்டம் அவர்களுக்கு. கழித்தால் இருவருக்கும் 27. அப்புறம் யார் அதிகம் கோல் போட்டார் என்று பார்த்தால் கார்டிஃப். "ஐயோ பாவம் கார்டிஃப்" என்று நூறு வருஷமாகச் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய விதி என்றால் முழுசாக எடுக்க வேண்டும் அல்லவா? இன்று வெற்றிக்கு மூன்று புள்ளி. ஹட்டர்ஸ்ஃபீல்டு 23 வெற்றி, 11 டிரா, மொத்தம் 80. கார்டிஃப் 22 வெற்றி, 13 டிரா, மொத்தம் 79. மறுபடி ஹட்டர்ஸ்ஃபீல்டு! நமக்குப் பிடித்த விதியை மட்டும் பொறுக்கி எடுத்தால் யாரையும் சாம்பியன் ஆக்கலாம்.

அப்படியானால் எந்த விதியும் சரிதானா? இல்லை. ஒரு விதி நல்ல விதியாக இருக்க மூன்று நிபந்தனை போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, ஜெயிக்க முயல்பவனுக்கு எப்போதும் லாபம் இருக்க வேண்டும். 1994-ல் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரு வேடிக்கை விதி. கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல் ஆட்டத்தை முடித்துவிடும், அது இரண்டு கோலாகக் கணக்கில் ஏறும். பார்படோஸ், கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய கட்டாயம். 2-0 என்றிருந்தது 83-ஆம் நிமிடம் 2-1 ஆனது. பார்படோஸ்காரர்கள் யோசித்தார்கள், வேண்டுமென்றே தங்கள் வலையிலேயே பந்தைப் போட்டு 2-2 ஆக்கினார்கள். கூடுதல் நேரம் வந்தால் ஒரு கோலில் இரண்டு கிடைக்குமே! மிச்ச நிமிடங்களில் கிரெனடா எந்த வலையிலாவது கோல் போடப் பார்க்க, பார்படோஸ் இரண்டு வலையையும் காத்தது. கடைசியில் 4-2 என்று அவர்கள் நினைத்தது நடந்தது. ஆட்டக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. கேள்வித்தாள் தப்பு.

இரண்டு, கடைசிக் கணக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை ஒருநாள் முன்பே ஆடி முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. ஸ்பெயினின் கிஹோன் நகரில் ஜெர்மனி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. மிச்ச நேரம் முழுக்க இரு அணியும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் என்று மாற்றினார்கள். பொதுத்தேர்வு மாநிலம் முழுக்க ஒரே மணிக்குத் தொடங்குவதும் இதே காரணத்துக்குத்தான்.

மூன்று, இதுதான் முக்கியம். விதி முதலில், விசில் பிறகு. பந்து உருளத் தொடங்கிய பின் விதியைத் தொடக்கூடாது.

இங்கே மறுபடியும் நம்ம ஹார்ட்ஸ் வருகிறார்கள். 2019-20-ல் கொரோனா வந்து ஆட்டங்கள் நின்றன. ஹார்ட்ஸ் 30 ஆட்டம் முடித்துக் கடைசி இடத்தில், மேலே உள்ள அணிக்கு நாலு புள்ளி பின்னால். இன்னும் எட்டு ஆட்டம் பாக்கி, நாலு புள்ளியைப் பிடிக்க முடியாதா என்ன? ஆனால் மே மாதம் சீசனை அத்தோடு முடித்து, ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று பார்த்துப் பட்டியலை இறுதி செய்தார்கள். செல்டிக் சாம்பியன், ஹார்ட்ஸ் தரம் இறக்கம். நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயம் வரை போயும் ஹார்ட்ஸுக்குப் பலனில்லை. அதே வசந்தத்தில் நெதர்லாந்தும் சீசனைப் பாதியில் நிறுத்தியது. அங்கே அயாக்ஸ், ஏ.இசட். இரண்டும் 56 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் மேலே. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்த வருஷம் சாம்பியன் யாரும் இல்லை, தரம் இறங்குபவரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அயாக்ஸ்காரர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் பரீட்சை பாதியில் நின்றால் ரேங்க் போடக்கூடாது என்பது என் கட்சி.

1965-லும் 1986-லும் ஹார்ட்ஸுக்கு நடந்தது துரதிர்ஷ்டம், அநியாயம் இல்லை. ஆகஸ்டிலேயே விதி தெரியும், அதற்கேற்ப ஆடத் தவறினார்கள். 2020-ல் நடந்ததை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன். 38 ஆட்டம் என்று சொல்லிக் களத்தில் இறக்கிவிட்டு, 30-லேயே கணக்கை முடித்தார்கள். நோய் யார் குற்றமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதன் சுமையை ஒரு சிலர் தலையில் மட்டும் இறக்கியது நிர்வாகத்தின் முடிவு. ஹார்ட்ஸ் என்ன செய்தது? கீழ் டிவிஷனில் போய் ஆடி, அடுத்த வருஷமே அதில் முதலிடம் பிடித்து மேலே வந்தது.

இதையெல்லாம் ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? உங்களில் பாதிப் பேர் இப்போது பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இரண்டு பிள்ளைகள் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல், அப்படியே போய்ப் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். கால்பந்தில் வகுத்தலும் கழித்தலும் செய்ததையே இங்கே அவை செய்கின்றன. ஒரு சீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், யாராவது ஒருவர் முன்னால் நிற்க வேண்டும், அதற்கொரு விதி. முன்கூட்டியே சொன்ன விதி, எல்லோருக்கும் ஒரே விதி. அதற்குக் கட்டுப்பட வேண்டும், கட்டுப்படப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் வேண்டும்.

ஆனால் அந்த விதி சொல்வது "இந்த சீட் யாருக்கு" என்பதை மட்டும்தான். பின்னால் நின்ற பிள்ளை மட்டம் என்று அது சொல்லவில்லை. 90 கோல் போட்ட ஹார்ட்ஸை மோசமான அணி என்று 1.837 சொல்லவில்லையே. நாமாகத்தான் வீட்டில் உட்கார்ந்து, அத்தை மகனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிட்டு, விதி சொல்லாத தீர்ப்பையெல்லாம் பிள்ளை தலையில் எழுதுகிறோம். அதே சமயம் ஒரு தேர்வின் விதியையே நடுவில் மாற்றினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். தோற்றவன் புலம்பல் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

போனில் கேட்ட மாணவருக்கு: 2018-ல் சென்னையின்தான் சாம்பியன். பெங்களூருதான் அந்த சீசனின் முதல் அணி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குக் கஷ்டமில்லை. தங்கை மகனுக்கு: மாப்பிள்ளை, பெங்களூரு புள்ளிக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுதும்போது எந்தச் சீசன், எந்த விதி என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விடைக்கு வழிமுறை காட்டாமல் நான் என்றைக்கும் முழு மார்க் போட்டதில்லை.